சமாதானமாக இருப்பவர்கள் மண்டியிடலாம்

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தின ஞாயிறு சபை மூப்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். கர்த்தரோடும் சபையோடும் சமாதானமாக இருக்கிறீர்களா? இருப்பவர்கள் மண்டியிடலாம். ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலும் போச்சு, மொத்த ஊருக்கும் திருவிருந்து கிடையாது. அகநேதாவுக்கு விவரம் தெரிந்து யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. அந்த ஊரில் சமாதானம் அவ்வளவு மலிவு.

கோதுமை அறுப்பு தொடங்கின வாரம் அவள் புருஷன் பெர்ன்ட் செத்தான். அவன் வேலை பார்த்த இஸ்பிராண்ட் டிக்கின் களத்தில், டிராக்டரிலிருந்து தானியம் ஏற்றும் குழாயைச் சுழன்று ஓட்டும் இரும்புத் தண்டு அவன் சட்டைக் கையைப் பிடித்து ஆளையே சுருட்டிக்கொண்டது. தண்டுக்கு மேல் ஒரு மூடி இருந்திருக்க வேண்டும். கிரீஸ் வைக்கக் கழற்றி மாட்டுவது தொல்லை என்று இஸ்பிராண்ட் அதைக் கொட்டகையில் எறிந்திருந்தான். அடக்கம் முடிந்த ஞாயிறே சபை முன்னால் நின்று அழுதான். ஆண்கள் வரிசையாக வந்து கட்டிக்கொண்டார்கள். மன்னித்தாயிற்று. மன்னித்ததைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது, வெளியாளிடம் கூடவே கூடாது.

திங்கட்கிழமை மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து அரசாங்க அதிகாரி விசாரிக்க வருகிறார். மூடி விஷயம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை. முந்தின நாள் சபையில் மண்டியிட்டால் அவளும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை சபையின் அடித்தளச் சமையலறையில் பெண்கள் பன்னுக்கு மாவு பிசைந்தார்கள்.

“ஏண்டி அகநேதா, அந்த மாவு உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? இந்த அடி அடிக்கிற!” என்றாள் பக்கத்து வீட்டு ஜஸ்டினா.

“அடிச்சா திருப்பி உபதேசம் பண்ணாதுல்ல, அதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் மார்கரேதா மட்டும் சிரிக்கவில்லை.

“நாளைக்கு ஒழுங்கா மண்டி போடு. அதிகாரிகிட்டச் சொன்னா என் பிள்ளை எந்திரிச்சு வரப்போறானா?”

“அவரு வரமாட்டாரு அத்தை. டியெட்ரிக்கும் போயிடக் கூடாதுல்ல?”

டியெட்ரிக் மார்கரேதாவின் கடைசி மகன். அண்ணன் செத்த களத்தில் அண்ணனின் வேலையை இப்போது அவன்தான் செய்கிறான்.

“வாயக் கழுவு. இஸ்பிராண்ட் மனந்திரும்பினவன்.”

ஞாயிறு காலை மூப்பர் கிளாஸ் வோத் கேட்டார். பெஞ்சுகள் முனகின. எல்லாரும் மண்டியிட்டார்கள். அகநேதா உட்கார்ந்திருந்தாள். மாமியார் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் கிள்ளினாள்.

“சகோதரி, உங்களுக்கு யார் மேல குறை?”

சபையில் பெண்கள் பேசுவதில்லை. கேட்டதால் பேசினாள்.

“இஸ்பிராண்ட் அண்ணே, அந்த மூடிய மாட்டிட்டீங்களா?”

ஆண்கள் பக்கமிருந்து இஸ்பிராண்ட் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல்.

“எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டேனேம்மா.”

“மாட்டிட்டீங்களா?”

“அறுப்பு முடியட்டும்மா. மழை வேற வருது…”

யாராவது பதறுவார்கள் என்று பார்த்தாள். டியெட்ரிக் நெற்றியைப் பெஞ்சில் புதைத்துக்கொண்டான். மூப்பர் பைபிளை மூடினார்.

“இந்தச் சகோதரியால நமக்குத் திருவிருந்து இல்ல.”

மறுநாள் அதிகாரி வந்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் இஸ்பிராண்டின் களத்துக்குப் போனபோது தண்டின் மேல் மூடி இருந்தது. விடியற்காலையில் மாட்டியிருந்தார்கள். எப்போதும் இருந்தது என்றார்கள் களத்து ஆட்கள். ஆம் என்றால் ஆம்தான், சத்தியம் செய்வது பாவம் என்று நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்யாத ஆட்கள்.

“எங்கண்ணன்தான் கவனமில்லாம இருந்துட்டாருங்க,” என்றான் டியெட்ரிக்.

மதியம் மார்கரேதா அகநேதாவின் தட்டை எடுத்துப்போய் அடுப்போரத்துச் சின்ன மேசையில் வைத்தாள். சபையோடு சமாதானம் இல்லாதவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை. களத்திலிருந்து டியெட்ரிக் முழுசாகத் திரும்பி வந்தான். கை கழுவிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாகச் சூப் குடித்தான்.