ஈட்டிக்கல்லுக்கு நான்கு வரி

1.

அன்று அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஸெய்னுதீன், அவருடைய தங்கை ஜெஸீமா, ஜெஸீமாவின் மகளும் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பவளுமான நப்லா, பாடசாலையிலிருந்து வந்த ஆசிரியர் றுவைஸ். வேறு எவரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிறகு குறிஞ்சாக்கேணியில் சொல்லித் திரிகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்றவர்கள். அவர்கள் இந்தப் பட்டியலில் சேரமாட்டார்கள்.

இதை எழுதுகிறவரும் ஸெய்னுதீன்தான். ஆனாலும் 'அவர்' என்றே வரும். தன்னைப் பற்றித் தானே பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது கதையாகத் தொடங்கவில்லை. பாடசாலையில் ஒரு கண்ணாடி அலுமாரி வாங்கி, ஊரின் பழம்பொருட்களை வைக்கிறார்கள். ஸெய்னுதீன் வீட்டு ஈட்டிக்கல்லையும் கேட்டார்கள். பக்கத்தில் வைக்க ஓர் அட்டையில் நான்கு வரி எழுதித் தரும்படி றுவைஸ் அன்று வீட்டுக்கு வந்து கேட்டார். அந்த நான்கு வரியை எழுத முடியாமற் போனதால்தான் இவ்வளவு நீளம்.

2.

முதலாவது தொடக்கம்:

"ஏழு தலைமுறைக்கு முன்பு எங்கள் மூதாதை ஒருவர் இந்த ஈட்டிக்கல்லால் காட்டெருமை ஒன்றை வீழ்த்தி, அதன் கன்றைப் பிடித்து வளர்த்து, எங்கள் எருமைப் பட்டியை..."

இந்த வசனம் இங்கே நிறுத்தப்படுகிறது. நல்ல வசனம்தான். அறுபது வருடமாகக் கலியாண வீடுகளில் சொல்லப்பட்டு வந்தது. ஏழு தலைமுறைப் பட்டிக்காரர் என்றுதான் அந்தக் குடும்பத்துக்குப் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள்.

கல் பெருவிரல் நீளம். இலை வடிவம். தடியில் வைத்துக் கட்டுவதற்காக அடியில் இரு பக்கமும் வெட்டு உண்டு. இடப்பக்க வெட்டு உடைந்திருக்கிறது. அந்த வடிவம்தான் குடும்பத்தின் குறி. நான்கைந்து பட்டி எருமைகள் கலந்து மேயும்போது எது யாருடையது என்று சொல்வது தொடையில் சுட்ட குறிதான். பழைய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தகப்பன்வழியில் இறங்கிய குறி இருக்கும். இந்தக் குறியின் இரும்பை அடித்த கொல்லன் கவனமான ஆள். உடைந்ததையும் விடாமல் உடைந்தபடியே அடித்தான். ஆகவே இருநூறு எருமைகளின் தொடையில் அந்த உடைவு இருக்கிறது.

3.

நப்லா கல்லைப் படம் எடுத்து ஏற்கெனவே தன் விரிவுரையாளருக்கு அனுப்பியிருந்தாள். (அனுமதி கேட்கவில்லை. அது தனியாக விசாரிக்கப்பட்டது.) அவருடைய பதிலை அவள் வாசித்தாள். கல்லும் இந்த நாட்டுக் கல் இல்லை, செதுக்கும் இந்த நாட்டுச் செதுக்கு இல்லை. வட அமெரிக்கச் சமவெளியில் பைசன் என்னும் பெரிய காட்டு மாடுகளை வேட்டையாடியவர்களின் எறிமுனை அது. வயது இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாது. அவர்களிடம் குதிரை இல்லை. நடந்தே போய் மந்தையை வளைத்து மடக்கிக் கொன்றவர்கள்.

ஸெய்னுதீன் யோசித்தார். "அப்ப அவங்க இஞ்ச வந்திருப்பாங்க."

"இல்ல மாமா. கல்லுதான் வந்திருக்கு."

(இந்த இடத்தில் நப்லாவை நீக்கிவிட்டு தங்கைக்கு வேறொரு மகளைப் போடும் யோசனை எழுதுகிறவருக்கு வந்தது. பல் வைத்தியம் படிக்கிறவளாக. அவளுக்குக் கல்லைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திராது, கதையும் முதலாவது தொடக்கத்தோடு முடிந்திருக்கும். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அன்று அங்கே இருந்தவள் நப்லா.)

4.

ஜெஸீமா தயிர்ச் சட்டியை மூடிவைத்துவிட்டு, உம்மா தனக்குச் சொன்னதைச் சொன்னாள்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். வாப்பாவின் தகப்பன், மூத்தவாப்பா முஹம்மது தம்பிக்குப் பட்டி இல்லை. அடுத்தவர்களுடைய தயிரைச் சுமந்துபோய், தோணி ஏறி, துறைமுகத்தில் விற்றவர். கப்பலிலிருந்து இறங்கிய மாலுமி ஒருவன் தயிரைத் தின்றுவிட்டு, சந்தோசத்தில் இந்தக் கல்லைக் கையில் வைத்தான். பேச்சு விளங்கவில்லை. இரண்டு கைகளையும் தலையில் கொம்பாக வைத்துக் காட்டினான், எறிவதுபோல் காட்டினான், பிறகு தானே தரையில் விழுந்து செத்தும் காட்டினான். கொம்பு என்றால் முஹம்மது தம்பிக்கு எருமைதான். மிச்சத்தை அவர் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்திருக்க வேண்டும்.

இது அடுப்படிப் பேச்சு, குசினிக் கதை என்றார் ஸெய்னுதீன்.

"காக்கா, தகப்பன்வழிக் குறி இருக்கிற மனிசன் ஒரு கல்லப் பாத்துக் குறி அடிப்பிப்பானா? மூத்தவாப்பா முதல் எருமைய வாங்கினப்ப சுடுறதுக்குக் குறி இல்ல. மடியில இந்தக் கல்லு இருந்தது" என்றாள் ஜெஸீமா அண்ணனிடம்.

றுவைஸ் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்பான மனிதர்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? சொல்லிக்கிட்டுத்தானே இருந்தீங்க."

5.

முடிவுகள்.

(அ) பழைய வசனத்தையே எழுதுவது. றுவைஸ் மறுக்கமாட்டார். ஆனால் பிள்ளைகள் அதை மனனம் செய்வார்கள்.

(ஆ) கல்லைக் கொடுக்காமல் வீட்டு அலுமாரியில் பூட்டுவது. கௌரவமான முடிவு. ஒரே குறை, ஊர் காரணம் கேட்கும்.

(இ) "முஹம்மது தம்பி என்பவர்..."

இதற்கு மேல் பேனை ஓடவில்லை. மறுநாள் காலை ஸெய்னுதீன் பட்டிக்குப் போனார். குறிகள் நேற்றிருந்தபடியே இருந்தன. ஒரு கன்றுக்குக் குறி சுட வேண்டியிருந்தது. வேறு இரும்பு அடிப்பிக்கலாமா என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதே இரும்பைக் காய்ச்சிச் சுட்டார்.

எந்த முடிவு என்பதை எழுதுகிறவர் சொல்லப்போவதில்லை. பாடசாலை நாட்களில் காலை எட்டு மணியிலிருந்து அலுமாரியைப் பார்க்கலாம். வாசித்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

6.

ஒரு திருத்தம் மட்டும். அட்டையில் இப்படி இருக்கிறது: "தூர தேசத்தில் காட்டு மாடுகளை வேட்டையாடியவர்களின் எறிமுனை. தயிர் சுமந்து பிழைத்த முஹம்மது தம்பிக்குத் துறைமுகத்தில் ஒரு மாலுமி கொடுத்தது. அவருக்கு அப்போது பட்டி இல்லை. குறியும் இல்லை." இதை மாமாவுக்குத் தெரியாமல் நப்லாதான் எழுதிவைத்தாள் என்று ஊரில் ஒரு கதை அடிபடுகிறது. பிழை. அவள் அதற்கு முதல் நாளே பஸ் ஏறிவிட்டாள்.

எழுதியது நான்.