பதினேழாம் பாளத்தின் ஆழம்

1944 மார்ச் 7, செவ்வாய். பதினேழாம் பாளத்தில் குண்டு போன துளை ஒன்பது அங்குல ஆழம் என்று நேற்று எழுதியது என் தவறு. இன்று காலை அளந்தபோது எட்டே முக்கால்தான் இருந்தது. நேற்று அளவுகோலைச் சாய்த்துப் பிடித்திருப்பேன். பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்துத் தேதி போட்டிருக்கிறேன். நாளை மறுபடி அளக்க வேண்டும்.

இதை எழுதிய கொளஞ்சிக்கு அப்போது இருபது வயது. ரஞ்சன்குடிக் கோட்டையின் பின்மதிலை ஒட்டி ராணுவம் போட்டிருந்த சிறிய முகாமில் அவன் அளவெடுப்பவன். மாலையானால் சைக்கிளில் பெரம்பலூர் போய் இங்கிலீஷ், கணக்கு வகுப்பில் உட்காருவான். ஒரு குண்டு மனித உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகும் என்று கண்டுபிடிப்பது முகாமின் வேலை. மனிதர்களைச் சுட்டுப் பார்க்க முடியாததால், சதைக்கு ஈடாகக் கூழ்ப்பாளங்களை நிறுத்திச் சுட்டார்கள். அதற்கான தூள் கப்பலில் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும், பட்டாளத்துக்குப் போயிருந்த வரதராஜன்பேட்டைத் தச்சர் மரியசூசையின் மனைவி அமலோற்பவமேரியை வேலைக்கு வைத்தார்கள். நாற்காலி ஒட்டுவதற்காக மாட்டுத்தோலைக் காய்ச்சி வச்சிரப் பசை எடுப்பது அவள் வீட்டுத் தொழில். அந்த வச்சிரத்தையே தண்ணீர் கூட்டிக் காய்ச்சிப் பெட்டியில் ஊற்றினாள். ஆறியதும் முகாமின் கேப்டன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், பிறகு தன் தொடையை அழுத்திப் பார்த்தார், போதும் என்றார். உறைவதற்கு முன் ஒவ்வொரு பாளத்தின் மேலும் அவள் விரலால் ஒரு சிலுவை போடுவாள். குமிழி விழாமல் இருக்க என்று சொன்னாள். குறிபார்க்க வசதியாக இருந்ததால் சிப்பாய்களும் அதை ஆட்சேபிக்கவில்லை.

பதினேழாம் பாளத்தின் துளை மட்டும் நாளுக்குக் கால் அங்குலம் வீதம் ஆறி வந்தது. கொளஞ்சி முதலில் அளவுகோலைச் சந்தேகப்பட்டான், பிறகு கண்ணை, பிறகு மாலை வகுப்பில் தான் கற்ற பின்னக் கணக்கை. பெரம்பலூர் கடையில் புதிய அளவுகோல் வாங்கினான். அதுவும் அதையே சொன்னது. தோல் கிடைப்பது அரிது என்பதால் அளந்து முடித்த பாளங்களைச் சனிக்கிழமைதோறும் உருக்கி மறுபடி ஊற்றுவார்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் அளவு ஒத்துப்போனால்தான் உருக்கலாம் என்பது கேப்டனே எழுதிய விதி. அந்த வாரச் சனிக்கிழமை பதினேழாம் பாளம் அப்படித்தான் தப்பியது.

பதினாறாம் தேதி தந்தி வந்தது. மரியசூசை பர்மா எல்லையில் மார்ச் ஆறாம் தேதி குண்டுக் காயம் பட்டு ஆஸ்பத்திரியில் இருப்பதாக அதில் இருந்தது. அமலோற்பவம் தந்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, கொளஞ்சியிடம் வந்தாள்.

"ஆறாம் தேதி எதைச் சுட்டாங்க தம்பி?"

நோட்டைப் புரட்டினான். அன்று துப்பாக்கி மக்கர் செய்ததால் ஒரே பாளம்தான். சிலுவைக்கு நாலு அங்குலம் இடப்பக்கம் தள்ளிப் பட்டிருந்தது.

"பதினேழாம் பாளங்க்கா."

"ஆறிக்கிட்டு வருதுன்னியே, அதா?"

"என் அளவு தப்பாக்கூட இருக்கலாங்க்கா."

"ஒன் அளவு தப்பா இருந்துட்டுப் போவுது. அதை உருக்க வுட்டுடாத."

சனிக்கிழமை அவில்தார் பெரியசாமி கொப்பரையோடு வந்தார். தோல் அறவே தீர்ந்திருந்தது. எல்லாவற்றையும் உருக்கச் சொல்லிக் கேப்டன் உத்தரவு. அமலோற்பவம் பாளத்தின் முன் நின்றாள்.

"கஞ்சி உறைஞ்ச மாதிரி கெடக்கு, இதுக்குப் போயி காவலா?" என்றார் அவில்தார்.

"ஒங்க வயித்தை வுட இது கெட்டிதான், தள்ளி நில்லுங்க."

சத்தம் கேட்டுக் கேப்டன் வந்தார். கொளஞ்சி நோட்டை நீட்டினான். பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு முறை தான் தவறு செய்திருப்பதாகவும், இரண்டு நாள் அளவு ஒருமுறைகூட ஒத்துப்போகவில்லை என்றும், விதிப்படி இதை உருக்க முடியாது என்றும் மாலை வகுப்பு இங்கிலீஷில் சொன்னான். கேப்டன் தானே அளந்தார். ஆறு அங்குலம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிக்கும் நேரத்தில் மறுபடி வந்து அளந்தார். ஐந்தே முக்கால். சற்று நேரம் தன் கையையே பார்த்திருந்துவிட்டு, அளவு முடியும்வரை பாளம் இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெயில் ஏற ஏற மற்றப் பாளங்கள் இளகி ஒழுகத் தொடங்கின. பதினேழை மட்டும் கோட்டையின் பழைய வெடிமருந்து அறையில், ஈரச் சாக்கில் சுற்றிக் கல்தரையில் வைத்தார்கள். அமலோற்பவம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். எப்போது முழுக்க மூடும் என்று கேட்டாள். கொளஞ்சி மூன்று முறை கணக்குப் போட்டு, ஏப்ரல் பதினொன்று என்றான்.

"ஈஸ்டர் ஒம்பதாம் தேதி. ரெண்டு நாளு முன்ன பின்ன பண்ண முடியாதா?"

"என் கையில என்னங்க்கா இருக்கு?"

"நோட்டு இருக்குல்ல."

அவன் மாற்றி எழுதவில்லை. ஏப்ரல் பதினொன்று காலை பத்து மணிக்குத் துளை மூடியது. மூடிய இடத்திலிருந்து ஒரு குண்டு வெளியே வந்து, புளியங்கொட்டை விழுவது போன்ற சத்தத்துடன் தரையில் விழுந்தது. பதினேழில் சுட்ட குண்டை முதல் நாளே இடுக்கியால் எடுத்து, எடைபோட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அது அங்கேயே இருந்தது. இது அதைவிட ஒல்லி. கேப்டன் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஜப்பான்காரனுடையது என்று சொல்லி, சாமான் பட்டியலில் 'உபரி: ஒன்று' என்று சேர்த்துக்கொண்டார்.

மே மாதத் தொடக்கத்தில் மரியசூசையின் கடிதம் வந்தது. இடது விலாவுக்குள் போன குண்டை ஒரு மாதமாக எடுக்க முடியவில்லையாம். பிழைப்பது கஷ்டம் என்று பேசிக்கொண்டார்களாம். ஏப்ரல் பதினொன்று காலை, அறுப்பதற்குமுன் மறுபடி எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் குண்டைக் காணோமாம். டாக்டர் உதவியாளரைத் திட்டிவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம். கொளஞ்சி வாசித்து முடித்ததும் அமலோற்பவம் அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இங்கதானே கெடக்கு. தேட வேணாம்னு எழுதிப் போடு தம்பி."

துளை இல்லாத பாளம் சுடப்படாத பாளம்தான் என்று கேப்டன் தீர்மானித்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுடாமல் வைக்கும் பாளங்களின் வரிசையில் பதினேழைச் சேர்த்தார். இது வெளியே தெரிந்ததும், எறையூரிலிருந்து காத்தாயி என்பவள் வெல்லமும் ஒரு தோலும் சுமந்துகொண்டு வந்தாள். அவள் மகன் பட்டாளத்தில் இருந்தான்.

"எம் மவன் பேருக்கும் ஒண்ணு ஊத்துங்க. சுட மட்டும் சுடாதீங்க சாமி."

அவளைத் தொடர்ந்து முப்பத்தொரு பேர் வந்தார்கள். தோல் அவர்களே கொண்டுவந்ததால் கேப்டன் மறுக்கவில்லை. முப்பத்திரண்டு பாளங்களும் மருந்து அறையில் பெயரோடு வரிசையாக இருந்தன. போர் முடியும்வரை அந்த முப்பத்திரண்டு பேரில் எவர்மீதும் குண்டு படவில்லை. காத்தாயியின் மகனுக்கு மட்டும் ஒருமுறை மலேரியா வந்தது. அவன் பாளம் நாலு நாள் நடுங்கி, ஐந்தாம் நாள் வேர்த்து, சரியானது. ஒவ்வொருவராக ஊர் திரும்பத் திரும்ப அவரவர் பாளம் தானாக இளகித் தண்ணீராகிக் கல்தரை வழியே வடிந்து போயிற்று. மரியசூசை 1946 ஜூனில் வந்தார். அவருடைய பதினேழாம் பாளம் மட்டும் இளகவில்லை. அவர் தும்மியபோது அது மெல்ல அதிர்ந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்து, உறைவு நல்ல உறைவு, ஆனால் தண்ணீர் ஒரு பிடி கூடிவிட்டது என்று மனைவியிடம் குறை சொன்னார். அவளுக்கு அதில் சந்தோஷம்தான். முகாமைக் கலைக்கும் உத்தரவு வந்திருந்தது.

1946 ஜூன் 14, வெள்ளி. மரியசூசை அண்ணனின் தழும்பை அளந்தேன். நெஞ்சின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் நாலு அங்குலம். அவர் சிரித்ததால் கை ஆடியிருக்கலாம். இரண்டாம் முறையும் நாலு. நாளை காலை ஐந்து மணிக்கு முகாம் லாரி ஆண்டிமடம் வரை போகிறது; அங்கிருந்து வரதராஜன்பேட்டைக்கு மாட்டுவண்டி. ஈரச் சாக்கு இரண்டு எடுத்துவைக்க வேண்டும். பதினேழை வைக்கோல்மேல், இடப்பக்கம் அழுந்தாமல் படுக்கவைக்க வேண்டும்.