அடித்தல் இல்லாத தாள்

நீதிமன்ற வாசலில் மேசை போட்டு மனு அடித்துக் கொடுக்கும் தட்டச்சுக்காரிக்கு ஒரு கர்வம் உண்டு. இருபது வருடத்தில் அவள் கையிலிருந்து அடித்தல் திருத்தலோடு ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. அந்தக் கர்வம்தான் ஒரு மனிதரைக் கொன்றது என்று இப்போது நம்புகிறாள். மூன்று மணிக்கு மேல் எதிரே இருக்கும் ஸ்டூலைப் பார்க்கவே அவளுக்குப் பயம்.

அதில் உட்கார்ந்திருந்தவர் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். தொழில் படுத்து, கழுத்தளவு கடன். மனுப் போடுவதற்கு ஐந்து மாதம் முன்பே யோசனை கேட்க வந்தார்.

"அக்காகிட்ட வாங்கினத மட்டும் முதல்ல குடுத்துடவா? அவ மூஞ்சில முழிக்க முடியல."

"குடுங்க. மூணு மாசம் கழிச்சு திவால் மனு போட்டா, சொந்தக்காரங்களுக்குக் குடுத்தத யாரும் தோண்ட மாட்டாங்க" என்றாள். அன்றைக்குச் சட்டம் அப்படித்தான் இருந்தது.

புதுச் சட்டம் அமலுக்கு வருவதற்கு முந்தின நாள் அவர் மனுப் போட வந்தார். மூன்றரை மணிக்கு, கடைசித் தாளில், முகவரியில் ஓர் எழுத்து பிசகிவிட்டது. "பரவால்லம்மா, அடிச்சுட்டுக் குடுங்க. பக்கத்துல கையெழுத்து போட்டுடறேன்" என்றார். இவள் கேட்டால்தானே? தாளை உருவி எறிந்துவிட்டு நான்கு பிரதியையும் புதிதாக அடித்து முடித்தபோது, நான்கு மணி ஆகி, மனு வாங்கும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். நாளைக்குக் கட்டணம்தானே கூடும் என்று நினைத்து, மறுநாள் வித்தியாசத்தைத் தன் கையிலிருந்தே கொடுத்து மனுவைப் போட வைத்தாள்.

கூடியது கட்டணம் மட்டுமல்ல. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்ததைத் தோண்டும் மூன்று மாதக் கணக்கை, புதுச் சட்டத்தில் ஒரு வருடமாக நீட்டியிருந்தார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டும்படி அக்காவுக்கு நோட்டீஸ் போனது. அது தெரிந்த வாரமே, பட்டறையில் உட்கார்ந்த வாக்கில் மெக்கானிக்கின் மூச்சு நின்றுபோனது.

அன்றிலிருந்து தினமும் மூன்றரைக்கு ஸ்டூல் பக்கம் குரல் கேட்கிறது. "பரவால்லம்மா." கோபமே இல்லாத குரல். திட்டினாலாவது தேவலை. ஸ்டூலை மேசைக்கு அடியில் தள்ளிப் பார்த்தாள். குரல் காலடியிலிருந்து வந்தது. மறுபடி வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள்.

இன்றைக்கு மூன்றரைக்கு ஒரு பெண் தாங்கித் தாங்கி நடந்து வந்து அதில் உட்கார்ந்தாள். அவள் நீட்டிய நோட்டீசில் இருந்தது மெக்கானிக்கின் மனு எண்.

"பதில் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். அந்தப் பணம் என் முட்டிக்குள்ள இருக்கும்மா, ஆபரேஷன் பண்ணியாச்சு. வேணும்னா வெட்டி எடுத்துக்கச் சொல்லி அடிங்க." சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கட்டலன்னா வீட்டை ஏலம் விட்டுடுவாங்களாம். ஒரு நாள் முந்திப் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமாம். என் தம்பி எப்பவுமே சோம்பேறி."

அதைத்தான் தட்டச்சுக்காரியால் தாங்க முடியவில்லை.

"அவர் முந்தின நாளே வந்துட்டார்க்கா. ஒரு எழுத்துக்காக நான்தான் உட்கார வச்சுட்டேன். உங்களுக்குப் பணம் குடுக்கச் சொன்னதும் நான்தான்."

அக்கா நோட்டீசை மெஷின் பக்கம் தள்ளினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. இப்ப நீங்க சொன்னத அப்படியே அடிங்க."

அடித்தாள். மனுதாரர் உரிய நாளில் வந்தார், தாமதம் என்னுடையது, முந்தின நாள் மனுவாகவே ஏற்க வேண்டும். யோசனை சொன்னதும் நானே. சட்ட யோசனை சொல்ல ஒரு தட்டச்சுக்காரிக்கு உரிமை கிடையாது. இந்தத் தாள் உள்ளே போனால் மேசைக்கான உரிமம் பறிபோகும். கடைசி வரியில் ஓர் எழுத்து மாறி விழுந்தது. மணி நான்காக எட்டு நிமிடம்.

கை பழக்கத்தில் தாளை உருவப் போனது.

"பரவால்லம்மா, அடிச்சுட்டுக் குடுங்க. பக்கத்துல கையெழுத்து போட்டுடறேன்."

சொன்னது அக்காதான். இந்தக் குரலில் கோபம் இருந்தது.

தட்டச்சுக்காரி பேனாவை எடுத்து அந்த எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவால் ஓட முடியாது. தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலை நோக்கி இவள் ஓடினாள்.