ஏழு நிமிடம் முந்திய பாங்கு

பதினோராம் நோன்பன்று புத்தளம் தில்லையடியில் ஒரு பள்ளிவாசலின் மஹல்லாவைச் சேர்ந்த நானூறு வீடுகள் ஆறு பதினெட்டுக்கு நோன்பு திறந்தன. ஆறு இருபத்தைந்துக்கு, வாயில் பாதி ரோல்ஸ் இருக்கும்போது, இரண்டாவது பாங்கு வந்தது. அப்போதுதான் சூரியன் மறைந்திருந்தது; இரண்டாவதுதான் சரியானது.

இரண்டும் வந்தது பாங்குப் பெட்டி வழியாக. பள்ளி மைக்கோடு ஒரு வானொலிக் கருவி இணைந்திருக்கிறது. அது அனுப்புவதை வீட்டுச் சுவரிலுள்ள வெள்ளைப் பெட்டி வாங்கி ஒப்பிக்கும். முதல் பாங்கின் குரல் தேன். "இண்டைக்கி யாரோ புது ஆள் சொல்ற போல, என்ன மாதிரிக் குரல்!" என்று மெச்சியபடி சனம் இரண்டாவது ஈத்தம்பழத்தையும் எடுத்தது. ஒரு நோன்பு கழாவாகி, பிறகு திருப்பிப் பிடிக்க வேண்டியதாகிப்போனதை ஊர் பொறுத்துக்கொண்டது. அதைச் செய்தவன் யாரென்று தெரியாமல் இருப்பதைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை. இரவுத் தொழுகையான தறாவீஹ் முடிவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபாஹிம்.

ஃபாஹிமுக்கு இருபத்து நான்கு வயது. வெளிநாட்டுக் கம்பனிகளின் மென்பொருளிலும் கருவிகளிலும் ஓட்டை தேடிப்பிடித்து அவர்களுக்கே எழுதி அறிவிப்பது அவன் தொழில். விசாரிப்பவர்களிடம் உம்மா ஜுனைதா "கம்பியூட்டர்ல வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். முழுதாகச் சொன்னால் பொலிஸ் வரும் என்பது அவள் கணிப்பு.

அவனுக்கு எதிரான ஒரே சாட்சி அவனே எழுதிய கடிதம். நோன்புக்கு முந்திய மாதம் பள்ளி நிர்வாகத்துக்குக் கொடுத்தது. மறுநாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, செயலாளர் ரிஃபாஸ் அதைச் சபையில் எழுந்து நின்று வாசித்தார். போன் கடை வைத்திருப்பவர், பெட்டிகளை ஊருக்கு வாங்கித் தந்தவரும் அவரே.

"'பள்ளிக் கருவி பேசுமுன் ஒரு குறியீட்டை அனுப்புகிறது. அதைக் கேட்டால்தான் பெட்டிகள் வாய் திறக்கும். அந்தக் குறியீட்டை எவரும் பதிவுசெய்து திரும்ப அனுப்பி, தன் வீட்டிலிருந்தே ஊருக்குப் பாங்கு சொல்லலாம். தயவுசெய்து உடனே மாற்றவும்.' அல்லாஹ்வே! செய்யப்போறத ஒரு மாசம் முந்தி எழுதித் தந்திருக்கான்."

தலைவர் மீராசாஹிப் ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். உப்பு விளையும் வாய்க்காலில் நாற்பது வருடம் கணக்கப்பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர். சந்தேகம் அவருக்கு ஸுன்னத்துக்கு அடுத்து வரும் வணக்கம்.

"தம்பி, கதவு சரியில்ல எண்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"திறந்து பாத்தேன், ஹாஜியார்."

"கேட்டீங்களா?" என்றார் ரிஃபாஸ், சபையைப் பார்த்து.

"சரியில்லாட்டி சொல்றதுக்குத்தானே நான் திறந்து பாத்த?" என்றான் ஃபாஹிம்.

"கள்ளனும் திறந்துதான் பாப்பான்" என்றார் ஹாஜியார்.

 ஃபாஹிமின் தொழிலில் உலகமெங்கும் கம்பனிகள் இதையேதான் கேட்கின்றன. ஆனால் அவை வக்கீல் மூலம் கேட்கும். இங்கே தலைவரே கேட்டுத் தீர்ப்பும் சொன்னார். "விசாரண முடியும் வரைக்கும் ஒங்கட வீட்டுக்குப் பள்ளிக் கடிதம் இல்ல."

அடி விழுந்த இடம் அது. தங்கை ரம்ஸியாவுக்குப் பெருநாள் கழிந்து நிக்காஹ். மாப்பிள்ளையின் ஊர் ஆலங்குடா. பெண்ணின் பள்ளியிலிருந்து நற்சான்றுக் கடிதம் போகாமல் அந்தப் பள்ளியில் நிக்காஹ் பதிவு எழுதமாட்டார்கள். கேட்ட கிழமைக்குள் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தில்லையடியிலிருந்து ஆலங்குடா வரை பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள்.

"நானா," என்று அண்ணனைக் கூப்பிட்டாள் ரம்ஸியா, "ஓட்ட தேடுறெண்டா அமெரிக்காவுல தேடுங்களேன். ஊரு ஓட்டைக்குள்ள என்ட கலியாணம் விழுந்திட்டு."

"நான் செய்யல்ல."

"அது எனக்குத் தெரியும். ஒங்களுக்கு அவ்வளவு நல்ல குரல் எங்க?"

அன்று பின்னேரமே அவன் வீட்டுப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினான். நாலு ஆணி, ஒரு பச்சைத் தகடு, அதில் எறும்பளவு ஒரு நினைவுச் சில்லு. கால்களில் மெல்லிய கம்பி பற்றவைத்து உள்ளே இருந்ததை மடிகணினிக்கு இறக்கினான். பெட்டியைச் செய்தவன் எழுதிய நிரல் கையில் இல்லை. இயந்திரம் விளங்கிக்கொள்ளும் எண்களிலிருந்து, அவன் என்ன எழுதியிருப்பான் என்று பின்னோக்கிப் போகவேண்டும். ஆக்கிய சோற்றைத் தின்றுபார்த்து அரிசிக்கடையைச் சொல்வதுபோல ஒரு வேலை. ஓர் இரவும் ஒரு பகலும் எடுத்தது.

கிடைத்தது ஒரு வரிசை எண். பள்ளிக் கருவி ஒவ்வொரு தடவை வாய் திறக்கும்போதும் குறியீட்டோடு ஒரு எண்ணையும் அனுப்புகிறது. தடவைக்கு ஒன்று கூடும், டாக்டரிடம் நம்பர் எடுப்பதுபோல. பெட்டி அதைச் சரிபார்ப்பதில்லை; ஓட்டை அங்கேதான். ஆனால் கடைசியாகக் கேட்ட முப்பது எண்களைச் சத்தமில்லாமல் எழுதி வைத்துக்கொள்கிறது. எவனாவது பழைய பாங்கைப் பதிவுசெய்து வெளியிலிருந்து அனுப்பியிருந்தால், பழைய எண் மறுபடி வந்திருக்கும். பதினோராம் நோன்பன்று பின்னேரத்து அசர் பாங்குக்கும் அந்தி மஃரிப் பாங்குக்கும் நடுவே இருந்ததோ வரிசை தப்பாத புத்தம் புது எண்.

அப்படியென்றால் அந்தப் பாங்கு பள்ளிக்குள்ளிருந்துதான் போயிருக்கிறது.

ஃபாஹிமுக்கு நிம்மதி வரவில்லை. இதுவரை ஊர் ஒருவனைச் சந்தேகித்தது. இப்போது ஒருவன் ஊரையே சந்தேகிக்க வேண்டியதாயிற்று. பாங்கு சொல்லும் முஅத்தினா? கஞ்சி காய்ச்சுபவரா? பெட்டி பழுதென்று சொல்லிப் புதுப் பெட்டி விற்க ரிஃபாஸா? கடைசி எண்ணம் அவனுக்குக் கொஞ்சம் இனித்தது. அதனாலேயே அதை அவன் நம்பவில்லை.

பதின்மூன்றாம் நோன்புக்கு குர்ஆனை மனனமிட்ட ஹாஃபிழைச் சாப்பாட்டுக்கு அழைக்கும் முறை அவர்கள் வீட்டினுடையது. தறாவீஹ் தொழுவிக்க வந்திருக்கும் ஸியாத் மௌலவி காத்தான்குடிக்காரர். வீடுகளின் வரிசை நோன்புக்கு முன்பே அச்சடித்து ஒட்டப்பட்டதால், குற்றவாளி வீட்டை வெட்ட நிர்வாகத்துக்கு வழியிருக்கவில்லை. மௌலவி கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மேசையில் குடல் பிதுங்கிக் கிடந்த பெட்டியையே பார்த்தார்.

"இதாலதானா அண்டைக்கிச் செஞ்ச?"

"இல்ல மௌலவி. நீங்க அண்டைக்கி எங்க நோன்பு திறந்த?"

"றிஸ்மியா டீச்சர் ஊட்டுல. நானும் பாங்கு கேட்டுத்தான் திறந்தன்." ஸியாத் பெட்டிஸ் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "எனக்கு அது கனகாலம் பழகின குரலாட்டம் இருந்திச்சி."

ஃபாஹிம் கோப்பையைக் கீழே வைத்தான். ஏழு நிமிடம். புத்தளத்தில் சூரியன் விழுவதற்கு ஏழு நிமிடம் முந்தி எங்கே விழும்? கிழக்குக் கரையில். காத்தான்குடியில்.

"மௌலவி, ஒங்கட போன் பாங்கு சொல்லுமா?"

"ஓம், அஞ்சு நேரமும்."

"எந்த ஊரு நேரம்?"

மௌலவி போனில்லாத தன் ஜிப்பாப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்டைக்கி அது எங்க இருந்திச்சி?"

"எந்த நாளும் இந்நேரம் என்ட ரூமுலதான் சார்ஜாகும். அண்டைக்கி அந்த ப்ளக்குல கஞ்சிக்காரர் கிரைண்டரப் போட்டிருந்தார். நான் மைக் மேசையில சார்ஜுக்கு வெச்சிட்டுப் போனன்."  மிகக் கிட்டத்தில் சத்தம் கேட்டால் மைக் தானாகத் திறக்கும்படி ரிஃபாஸ் வைத்திருப்பது அவருக்கும் தெரியும். "நீங்க என்னைய மாட்டப்பாக்கிறீங்களா?"

"நாளைக்கி ஒரு தரம் அங்கேயே வைங்க. நான் ஒங்கட பேரச் சொல்லமாட்டேன். நானே சொன்னா, தன்னைக் காப்பாத்த ஹாஃபிழ்ட தலையில போடுறான் எண்டுதான் சொல்லுவாங்க."

 ஸியாத் பெட்டிஸைக் கடித்தார். அதைச் சம்மதம் என்று ஃபாஹிம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் அசருக்குப் பிறகு, ஃபாஹிம் கேட்டுக்கொண்டபடி நிர்வாகம் கூடியது. ஃபாஹிமின் போனையும் மடிகணினியையும் ரிஃபாஸ் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கை ரெண்டும் தெரியட்டும்" என்றார் ஹாஜியார்.

பள்ளிக் கருவியின் அன்டனாக் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் விரலளவு உருளை ஒன்றைப் பூட்டவேண்டும் என்றான் ஃபாஹிம். அது அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கி விழுங்கிக்கொள்ளும். வீடுகளுக்கு ஒன்றும் போகாது.

"இதுக்குள்ள என்ன?" ரிஃபாஸ் உருளையைக் காதருகில் ஆட்டிப் பார்த்தார்.

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் மூடி?"

கடைசியில் ரிஃபாஸே பூட்டினார். கசியும் துளி அலை எட்டுமளவு பக்கத்தில் திறந்த பெட்டியை வைத்து, அதிலிருந்த கடைசி எண்ணைக் கடதாசியில் எழுதி ஹாஜியாரிடம் கொடுத்தான் ஃபாஹிம். வரிசை எண்ணின் கதையை மூன்று முறை சொன்னான். மூன்றாம் முறை முஅத்தினுக்கு விளங்கியது. விளங்கியதும் அவர் எழுந்து, தான் அன்று வெளியே ஹவ்ள் தொட்டியில், கிரைண்டர் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல், கைகால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்ததற்கு நான்கு சாட்சிகளின் பெயரைச் சொன்னார். கஞ்சிக்காரர் ஐந்து பெயர் சொன்னார். எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நேரம் ஆறைத் தாண்டியது. சஹன் தட்டுகள் வந்தன, கஞ்சியும் ஈத்தம்பழமும் ஆளுக்கு முன்னால் வைக்கப்பட்டன.

"இப்ப என்ன நடக்கும்?" என்றார் ஹாஜியார்.

"சொல்லிட்டா நான் ஏற்பாடு செஞ்ச எண்டுவீங்க. கொஞ்சம் இருப்போம்."

ஆறு பதினெட்டு. மைக் மேசையில், மடித்த சால்வையின் கீழிருந்து, அதே தேன் குரல் எழுந்தது. கருவியின் சிவப்பு விளக்கு பற்றியது. பெட்டி வாய் திறந்தது. எண் ஒன்று கூடியது. பள்ளி முழுக்கப் பாங்கு நிறைந்தது.

"இதுதான் அண்டைக்கி..." என்று ஃபாஹிம் திரும்பினான்.

யாரையும் நம்பாத மீராசாஹிப் ஹாஜியார், விசாரணைக் கடதாசியை இடக்கையில் பிடித்தபடி, கண்ணை மூடி துஆ ஓதி, ஈத்தம்பழத்தை மென்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ரிஃபாஸும். மடியில் மடிகணினி, கன்னத்தில் பழம்.

 ஸியாத் மௌலவி எழுந்துபோய்ச் சால்வையை விலக்கி, போனை அணைத்தார்.

"என்ட போன், ஹாஜியார். காத்தான்குடி நேரத்துல கிடந்திரிக்கி. அண்டைக்கும் இதுதான். மாப்புத் தாங்க."

ஹாஜியார் பழத்தை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் ஏழு நிமிடமும் கன்னத்தில் ஒதுக்கியே வைத்திருந்தார். மஃரிபுக்குப் பிறகு தீர்மானம் எழுதப்பட்டது. ஹாஃபிழ் விருந்தாளி; அவர்மேல் குற்றமில்லை. குற்றம் மைக் மேசைப் ப்ளக்கினுடையது. அது ஏகமனதாக அகற்றப்படும். குறியீட்டை மாற்றும் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

"நாங்க ரெண்டு பேரும் திறந்தத வெளிய சொல்லுவியா?" என்று தனியாகக் கேட்டார் ஹாஜியார்.

"நான் ஓட்டையக் கண்டா சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும்தான் சொல்ற, ஹாஜியார்."

அவர் பேனையை எடுத்தார்.

கடிதத்தை ரம்ஸியா வீட்டில் விளக்கடியில் பிடித்து வாசித்தாள். பள்ளி முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, மார்க்கப்பற்றுள்ள நல்ல குடும்பம் என்றும் இருந்தது. அதற்குக் கீழே, ஹாஜியாரின் சொந்தக் கையால் ஒரு வரி: "மணமகளின் சகோதரர் பற்றி இதுவரைக்கும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை."