தங்கச்சி எந்தக் கலர்?

"எத்தனை கலர் வந்திருக்கு?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் மூன்று வாரம் மண்டை காய்ந்து நான் செய்த வேலையைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். திரையில் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லாரும் புள்ளிகளாக இருந்தார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் டியூட்டி மாற்றிக்கொண்டால் நடுவில் ஒரு கோடு. அடிக்கடி மாற்றிக்கொண்டால் கோடு தடிக்கும். கோடுகள் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் இடம் ஒரு குழு, குழுவுக்கு ஒரு கலர். அடுத்த மாதத்திலிருந்து அந்தக் குழுதான் டீம். டீமுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் டியூட்டி மாற்றலாம், வெளியாளோடு ஒரு தடவைகூட முடியாது. இது கண்காணிப்பாளரின் திட்டம்.

"மூணு முறையில பிரிச்சுப் பார்த்தேன் சார். மூணும் மூணு விதமா சொல்லுது."

"எது பார்க்க நல்லா இருக்கோ அதைக் குடுங்க."

பார்க்க நல்லா இருக்கணுமாம்! துணிக்கடையிலா நிற்கிறோம்?

பொறுமையாகச் சொன்னேன். முதலாவது மார்க் போடும் முறை. குழுவுக்குள் எத்தனை கோடு, வெளியே எத்தனை என்று பார்த்து, மார்க் ஏறுகிறவரை புள்ளிகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, வேலைவெட்டி இல்லாத ஒருவனைக் கோடுகளின்மேல் மனம்போன போக்கில் நடக்கவிடும். அவன் எங்கே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறானோ அது ஒரு குழு. மூன்றாவதில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்தில் இருப்பவர்களின் கலரைப் பார்த்துத் தானும் பூசிக்கொள்ளும். காலையில் ஓட்டினால் ஒரு பதில், மத்தியானம் ஓட்டினால் வேறு பதில்.

"நம்ம அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மாதிரி" என்றார். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போனது.

"அப்ப மார்க் முறையே இருக்கட்டும். அதுக்குத்தானே மார்க் ஜாஸ்தி?"

"சார், அது மார்க் வாங்கறதுக்குன்னே செஞ்ச முறை. பரீட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தினா நூத்துக்கு நூறு வராம என்ன வரும்?"

"நூறு வந்தா நல்லதுதானே மேடம்?"

வெளியே வந்து வராந்தாவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

எரிச்சல் கணக்கினால் மட்டும் இல்லை. என் தங்கை தீக்காய வார்டில் நர்ஸ். இதைக் கண்காணிப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "எல்லாம் நம்பர்தானே, யார் தங்கச்சின்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்று கையை வீசிவிட்டார். தங்கையின் மகள் குட்டிக்குக் காதுக்குள் கருவி பொருத்தி இப்போதுதான் பேச்சுப் பயிற்சி நடக்கிறது, வாரத்தில் மூன்று சாயங்காலம். கூட அம்மாதான் உட்கார வேண்டும், பெரியம்மா போதாது என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். தங்கையின் சாயங்கால டியூட்டியை அவள் வார்டின் மற்ற ஐந்து பேரும்தான் மாறி மாறித் தாங்குகிறார்கள். அவர்களோடு ஒரே டீமில் இல்லையென்றால் ஒன்று வேலை போகும், இல்லையென்றால் குட்டியின் பேச்சு போகும்.

மார்க் முறைக்குச் சின்னக் குழுக்கள் கண்ணிலேயே படாது. தீக்காய வார்டை அப்படியே அறுவைப் பிரிவோடு சேர்த்து விழுங்கியிருந்தது. அங்கேயிருந்தும் ஆள் ஆளாகக் கேட்க ஆரம்பித்தால் அந்த ஐந்து பேருக்குத் தங்கையைத் தாங்க ஏது நேரம்? நான் விடவில்லை. எந்தக் குழுவில் யார் என்று நானே முடிவுசெய்து ஒரு பொய் ஆஸ்பத்திரியை உருவாக்கினேன். மூன்று முறைகளையும் அதன்மேல் ஓட்டி, எது உண்மையான குழுக்களைத் திரும்பக் கண்டுபிடிக்கிறது என்று காட்டினேன். சுற்றுகிறவன்தான் ஜெயித்தான். கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டு, "சரி, அவனையே வெச்சுக்கங்க" என்றார்.

அதுவரை தங்கையின் நம்பரைத் தேடக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். அன்று தேடினேன். தீக்காய வார்டு அழகாகத் தனிக் கலரில் இருந்தது. அதில் ஐந்தே புள்ளிகள். தங்கை அவசரப் பிரிவின் கலரில் கிடந்தாள்.

நேரே வார்டுக்குப் போனேன்.

"ஏண்டி, அவசரப் பிரிவுல யார் கேட்டாலும் டியூட்டி மாத்திப்பியா? உன் வார்டுக்காரங்களோட ஒரு கோடு, ஒரே ஒரு கோடு கிடையாதேடி!"

"அக்கா, மெதுவா. பேஷண்ட் தூங்கறாங்க."

"எனக்குத்தான் மூணு வாரமா தூக்கம் போச்சு!"

"கம்ப்யூட்டர்ல எழுதினாத்தானே கோடு வரும்? மாசத்துக்கு நாலு தடவைக்கு மேல அது ஒத்துக்காது. அவசரப் பிரிவுல ஆள் குறைஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. அங்க எழுதாம யாரும் மாத்த மாட்டாங்க, அந்த நாலும் அங்க போயிடும். இவங்க கிட்ட எதுக்குக்கா எழுதணும்? 'நீ கிளம்பு'ன்னுவாங்க, கிளம்பிடுவேன்."

பக்கத்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தேன். எந்த முறை ஒசத்தி என்று அத்தனை சண்டை போட்டேனே! எழுதாத கோட்டை எந்த முறைதான் கண்டுபிடிக்கும்?

"நான் சார்கிட்ட சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம்! அஞ்சு பேருக்கும் மெமோ வரும். பெரியக்காவுக்கு இந்த வருஷம் புரமோஷன். நீ வாயத் திறக்காத."

வார்டின் மூத்த நர்ஸைத்தான் எல்லாரும் பெரியக்கா என்பார்கள். அடுத்த கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளரிடம், "விவரம் குறையுது சார், இதை வெச்சுப் பிரிக்க முடியாது" என்றேன்.

"நேத்துதானே சரின்னீங்க!"

"முறை சரி சார். விவரம்தான் சரியில்லை."

"என்ன குறையுது?"

என்னத்தைச் சொல்ல? அப்போது கதவைத் தட்டிவிட்டுத் தங்கை வந்து நின்றாள். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது.

"நான் எழுதாம டியூட்டி மாத்தியிருக்கேன் சார். பல தடவை. தப்பு என்னோடது மட்டும்தான்."

கண்காணிப்பாளர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு புள்ளியிலேருந்து கோடு தனியா எங்கம்மா போகும்? இன்னொரு முனையில யாரு?"

மூன்று வாரம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியும் ஏறாதது, அன்றைக்கென்று பார்த்து ஏறித் தொலைத்திருந்தது!

தங்கை தரையைப் பார்த்தாள். கேள்வியை அவர் மறுபடி கேட்டார். "நான் மட்டும்தான் சார்" என்றாள் அவள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நான்தான் சார் இன்னொரு முனை" என்று வாசலில் குரல் கேட்டது. பெரியக்கா. அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர், "நானும்", "நானும் சார்" என்றார்கள்.

"மத்த ரெண்டு பேர் வார்டைப் பார்த்துக்கறாங்க. அவங்களும்தான்" என்றார் பெரியக்கா.

கண்காணிப்பாளர் கத்தினார். ஒழுங்கு, விதிமுறை, நோயாளிக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "அந்தக் கோடுகளையெல்லாம் போடுங்க" என்றார்.

ஐந்து கோடுகள் போட்டேன், தடியாக. ஓட்டினேன். தங்கையின் புள்ளி கலர் மாறியது.

"மெமோ உண்டு. ஆறு பேருக்கும்."

"சரி சார்" என்றார் பெரியக்கா. புரமோஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையைப் பார்த்து, "இன்னிக்குப் பயிற்சி இருக்குல்ல? நின்னுட்டே இருக்கியே, கிளம்பு" என்றார்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. ஆறு உறைகள். ஆறிலும் பெயருக்குக் கீழே ஒரே முகவரி: தீக்காய வார்டு டீம்.