அசனத்து அண்டாவின் அடி

எங்க வீட்டுக்காரர் ஞானதுரை வெங்காய மண்டி வச்சிருக்கிறவரு. வாயைத் தொறந்தா பட்டாசு. அந்த வருஷம் எங்க திருவொற்றியூர் சபைப் பண்டிகைக்கு அசனப் பொறுப்பு அவருக்கு விழுந்துச்சு. அசனம்னா பண்டிகையன்னைக்குச் சபையே பந்தியில உக்காந்து ஒண்ணாச் சாப்பிடுறது. யாரு பொறுப்புல இலைக்கு எத்தனை துண்டு கறி விழுந்துச்சுன்னு மறுவருஷம் வரைக்கும் பேசுற சபை எங்களது. மனுஷன் ஒரு வாரமாத் தூங்கல.

பண்டிகையன்னைக்கு விடிஞ்சு பார்த்தா, சர்ச் கேட்டை அடைச்சுக்கிட்டு ஒரு கன்டெய்னர் லாரி. ஹார்பருக்குப் போற வரிசை எண்ணூர் வரைக்கும் நிக்குது. இவரு போயி டிரைவரை, "அறிவு கெட்ட மூதி, ஒதுக்குலே வண்டியை!"ன்னு கிழிகிழின்னு கிழிச்சாரு. அவன் பேரு ஜெயவேல், வியாசர்பாடிக்காரன். "எங்க நைனா ஒதுக்க? முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி"ன்னு சிரிச்சான்.

மத்தியானம் செல்போன் அடிச்சுது. சபையார் முக்காவாசிப் பேரு எண்ணூர்ப் பக்கத்து ஆளுங்க. வந்த வேனெல்லாம் காத்திவாக்கத்துலயே மாட்டிக்கிச்சாம். இங்க அண்டா அண்டாவாச் சோறு, கறிக்குழம்பு. ஆளைக் காணோம். இவரு தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு.

"இந்த டிரைவர்மாரு நேத்துலேருந்து பட்டினியாக் கெடக்காங்க. கூப்பிடுங்க"ன்னேன்.

அவரு நிமிர்ந்து, மேல தொங்குன பேனரைப் பார்த்தாரு. 'அன்பின் விருந்து'ன்னு அவரே எழுதச் சொன்னது. "சரி, வரட்டும்"னு பெருந்தன்மையாத் தலையாட்டினாரு. பந்தி நிறைஞ்சுது.

அண்டாக்கிட்ட நின்னு வாளியில ஊத்திக் குடுத்தது அவருதான். எட்டிப் பார்த்தேன். அட கடவுளே! அகப்பை மேலாக்கவே மொள்ளுது. அத்தனை கறியும் அடியில பத்திரமாக் கெடக்கு.

"என்னங்க இது கள்ளத்தனம்?"

"சத்தம் போடாதட்டி. சபையார் வந்தா எதைப் போடுவேன்? மானம் போயிரும்."

"உங்க கூடப்பொறந்த தம்பி பந்தியில இருந்தா இப்படித்தான் மொள்ளுவீங்களா?"

அப்ப பார்த்து பந்தியிலருந்து ஜெயவேல் கத்தினான்: "நைனா, கொழம்பு வூட்ல ஆக்குன மாதிரியே கீது! நேத்துலேருந்து பன்னும் டீயும்தான் நமக்கு. நீ நல்லா இரு!"

இவரு அகப்பையை அடி வரைக்கும் விட்டாரு. வாளியில பூராக் கறி. ஒவ்வொரு இலைக்கும் அவரே தூக்கிட்டுப் போயி, "இன்னும் போட்டுக்கோப்பா"ன்னாரு. வெங்காய வியாபாரி கண்ணுல தண்ணி வந்து அன்னைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கல.

சாப்பிட்டுக் கையைக் கழுவினவங்க சும்மா போகல. ஒருத்தன் விசிலடிக்க, ஒருத்தன் ரிவர்ஸ் எடுக்க, ரோட்டுல ஒரு பக்கம் வழி பொறந்துச்சு. வேனெல்லாம் வந்து சேர்ந்துச்சு. சபையார் இலையில வெறும் குழம்பு.

ரோஸ்மேரி மைனி இலையைத் துழாவிப் பார்த்துட்டு, "ஏன் ஞானதுரை, ஆடு குழம்புல குளிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருச்சா?"ன்னு கேட்டா. பந்தியே சிரிச்சுது.

"நமக்கு முன்னாடி விருந்தாளி வந்துட்டாங்க மைனி. அவங்களுக்குப் போட்டுட்டேன்"னாரு சத்தமா. முகத்துல ஒரு வருத்தம் இல்லை.

கடைசியா நானும் அவரும் உக்காந்தோம். வண்டி இன்னும் நகராததால ஜெயவேல் திரும்ப வந்தான். "இரு நைனா, நான் போடுறேன்"னு அண்டாவையே சாய்ச்சு, அகப்பையால கரகரன்னு சுரண்டினான். அடியில ஒட்டியிருந்த ஒரே ஒரு துண்டு வந்துச்சு. அதை இவரு இலையில வச்சான்.

"துன்னு நைனா. காலீலேருந்து கத்திக் கத்தி வாயி காஞ்சு கெடக்குது."

இவரு அந்தத் துண்டைப் பிச்சு, பாதியை அவன் வாயில திணிச்சாரு.