கௌவுக்கும் கெளவுக்கும் நடுவே ஒரு பந்து

மாநாட்டுக்கு வந்தவர்கள் பந்து விளையாடப் போய்விட்டார்கள் என்று வரவேற்பு மேசைப் பெண் சொன்னபோது, தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று மஹ்ஜபீன் நினைத்தாள். மறுபடி கேட்டாள். அந்தப் பெண் அதே சிரிப்போடு அதையேதான் சொன்னாள். இரண்டரை மணிக்கு நடக்கவேண்டிய எழுத்துக் குழுக் கூட்டம் அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிவைப்பு. நட்புறவுக் காற்பந்துப் போட்டி, கிள்ளானில். பஸ் கிளம்பிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அங்கேயே நண்டு விருந்து.

பிரிக்பீல்ட்ஸ் ஹோட்டலில் நான்கு நாட்களாக நடக்கும் கூட்டம் அது. இணையத்தை யார் ஆளுவது, எப்படி ஆளுவது என்று முடிவு கட்ட எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்திருந்தார்கள். முதல் நாள் யோகாவும் பாத்திக் துணிக்குச் சாயம் பூசுவதும். அடுத்த நாள் பூப்பந்து, இரவில் கரோக்கே. நடுநடுவே, யாருக்கும் தொந்தரவில்லாத நேரமாகப் பார்த்து, கொஞ்சம் இணையமும் வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் விளையாட்டெல்லாம் தடித்த எழுத்தில் இருந்தது. இணைய முகவரிகளில் தமிழ் எழுத்துக்கு விதி வகுக்கும் எழுத்துக் குழு மட்டும் பொடி எழுத்தில், அதுவும் ஓர் ஓரத்தில்.

மஹ்ஜபீனுக்கு அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம். மஸ்ஜித் இந்தியா தெருவில் அவளுடைய அண்ணன் கௌஸ் நடத்தும் கடை, கௌஸ் ஜவுளி மாளிகை. அண்ணன் என்று ஊருக்குச் சொன்னாலும் அவள் வாய் நிறையக் கூப்பிடுவது காக்கா என்றுதான். கடைக்குத் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி வேண்டும் என்று ஆசைப்பட்டது அவர்தான், ஆசையை நடத்திக் காட்டியது இவள். ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு எவனோ ஒரு புண்ணியவான் அதே பெயரில் இன்னொரு கடையைத் திறந்துவிட்டான். அதே பெயர் என்றால் கண்ணுக்கு அதே பெயர். க-வோடு ஔகாரக் குறி சேர்ந்தால் கௌ. அவன் 'கெ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டுவிட்டான்: கெள. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. எழுத்துக் கூட்டிப் படித்தால் அது கெளஸ். மலாய்க்காரர் காதில் விழுந்தால், அவர்கள் மொழியில் வகுப்பறையைச் சொல்லும் 'கெலாஸ்' என்று நினைத்துக்கொள்வார். ஆனால் எவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்? படத்தைப் பார்க்கிறான், சேலையைத் தட்டுகிறான், காசைக் கட்டுகிறான்.

சேலை வரவில்லை என்றதும் சனங்கள் நேரே கடைக்கு வந்தார்கள். செலாயாங்கிலிருந்து வந்த ஒரு பெண், மகளின் கல்யாணப் பட்டு என்னாச்சு என்று சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று கௌஸைக் கள்ளன் என்றாள். அவர் தன் கடையிலிருந்து ஒரு பட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்தான், அன்றிலிருந்து முன் வாசலில் உட்காருவதே இல்லை. தெருவில் தெரிந்தவர்கள் எதிரே வந்தால் மறுபக்கம் தாண்டிவிடுகிறார். 

மஹ்ஜபீன் கொடுத்த புகாரின் பேரில் போலி முகவரியைத் தற்காலிகமாகத்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு அந்தத் தடை தீர்கிறது. பெயர்களில் கௌவும் கெளவும் ஒன்றே என்று எழுத்துக் குழுவின் ஐந்து பேரும் ஒரே இடத்தில் கூடிக் கை தூக்கி, தலைவர் தன் கைப்பட முகவரிப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு மெயில் அனுப்பினால் போலி ஒரேயடியாகப் போய்விடும். இல்லையென்றால் ஐந்து மணிக்கு அவன் கடை திறப்பான். அவ்வளவுதான் விஷயம். அந்த ஐந்து பேரும் இப்போது கிள்ளானில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடை வேனை எடுத்தாள். ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் நகராத ஜேம். சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் அந்த மாநாட்டையும், அதற்குக் கொடி பிடித்தவர்களையும், காற்பந்தைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டி முடித்துவிட்டாள்.

மைதானத்தில் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. இணைய முகவரி விற்பவர்கள் ஒரு பக்கம், அதற்கு விதி போடுபவர்கள் மறு பக்கம். வேறு நாளில் மேய்க்கவேண்டியவர்களும் மேய்க்கப்படவேண்டியவர்களும் தோளில் கை போட்டுப் படம் பிடித்துக்கொண்டார்கள். எழுத்துக் குழுத் தலைவர் ராஜேஷ்குமார் பத்தாம் எண் சட்டையில் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்து சுபாங் ஜெயாவில் குடியேறிய கம்ப்யூட்டர் மனுஷர். கழுத்துப்பட்டை அடையாள அட்டையைக் கழற்றாமலே ஓடினார். ஓடும்போது அது அவர் மூக்கிலேயே அடித்தது.

பாதி ஆட்டத்தில் அவரைப் பிடித்தாள். நின்றுகொண்டே எல்லாம் சொன்னாள். அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை கேட்டார். கூட்டம் தள்ளிவைத்தாகிவிட்டது, விதி விதிதான் என்றார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து, பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"மேடம், இதெல்லாம் வேஸ்ட்னு நெனைக்காதீங்க. ஒண்ணா வெளையாடுறவங்கதான் ஒண்ணா உக்காந்து முடிவெடுக்க முடியும்."

"வெளையாடுங்க சார். எப்ப உக்காருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குள் விசில் ஊதியது, ஓடிவிட்டார்.

சற்று நேரத்தில் பந்து கோட்டைத் தாண்டி உருண்டு அவள் காலடிக்கே வந்தது. மஹ்ஜபீன் அதைக் குனிந்து எடுத்தாள், வேனிலிருந்து கொண்டுவந்திருந்த கடைப் பையில் போட்டாள், பையின் வாயை முடிந்து கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஆட்டம் நின்றது. இருபத்திரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். கோல்கீப்பர் அழகிரி, செலாயாங்காரன், எழுத்துக் குழுவில் அவனும் ஒருவன், கையுறையோடு ஓடி வந்தான்.

"அக்கா, பந்து குடுங்க லா. பிளீஸ்."

"அஞ்சு பேரும் வந்து கைய தூக்குங்க தம்பி. தாரேன்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபடியே குழுவின் மற்றவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டான். ஓரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த கார்த்திகா வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் எட்டு மாதமாக எந்த மெயிலுக்கும் பதில் போடாதவர்; அழகிரி சொன்னான் என்றதும் எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையைத் தூக்கினார். எட்டு மாதம் நடக்காதது ஒரு நிமிஷத்தில் நடந்தது. பந்துக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதா என்று மஹ்ஜபீனுக்கே ஒரு கணம் வெட்கமாகத்தான் இருந்தது.

கடைசியாக ராஜேஷ்குமாரும் கையைத் தூக்கினார். வியர்வைக் கட்டைவிரலால் தன் போனில் மெயிலைத் தட்டி, அவள் கண்ணுக்கு முன்னால் காட்டி, அனுப்பினார். "கௌ, கெள இரண்டும் பெயர்களில் ஒன்றே" என்றுதான் அதில் தெரிந்தது. அவள் பந்தைக் கொடுத்தாள். வேனுக்குப் போய், காக்காவுக்குப் போன் போட்டு, முடிந்துவிட்டது, நாளைக்கு முன் வாசலில் உட்காருங்கள் என்றாள்.  அல்ஹம்துலில்லாஹ் என்றார் அவர். 

வண்டியைக் கிளப்பும் முன் அலுவலகத்துப் பதில், புகார் கொடுத்தவள் என்பதால், அவள் போனுக்கும் வந்தது. நீங்கள் அனுப்பிய இரண்டும் ஒரே எழுத்துகள்தான். இதில் தீர்மானிக்க ஒன்றுமில்லை. திருத்தம் இருந்தால் தலைவர் ஐந்து மணிக்குள் அனுப்பலாம். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு விளங்கியது. மனுஷர் இரண்டு இடத்திலும் 'கெ' தட்டி 'ள' தட்டியிருக்கிறார். தமிழ் எழுத்தைக் காக்க வந்த குழுவின் தலைவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கௌ தட்டத் தெரிந்திருக்கவில்லை. கெளவும் கெளவும் ஒன்று என்று ஐந்து பேர் கை தூக்கித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓடினாள். மைதானத்தில் ஆட்டம் நின்றிருந்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரே கும்பல். கடைசிப் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சண்டை. கார்த்திகா எடுத்த வீடியோ ராஜேஷ்குமாரின் போனுக்கு வந்திருந்தது, அவருடையதுதான் பெரிய திரையாம். மெயில் அனுப்பவேண்டிய அதே போனைச் சுற்றி இருபது தலைகள்.

சார், ஒரு எழுத்து, ஒரே ஒரு எழுத்து என்று அவள் கும்பலுக்குள் புகுந்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு நிமிஷம் மேடம் என்றார். வீடியோவை நிறுத்தினார்கள். விரலால் பெரிதாக்கினார்கள். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் வெள்ளை தெரிகிறதா, புல் தெரிகிறதா என்று ஒருவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடி நிறுத்தினார்கள். இவ்வளவு கண் வைத்திருக்கிறவர்கள் இத்தனை நேரம் எங்கே வைத்திருந்தார்கள் அதை? அவள் போனைப் பிடித்து இழுத்தாள். யாரோ அவளுடைய கையை மரியாதையாக விலக்கினார்கள். அழகிரி மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்து, விடுங்க பாஸ், அக்காவுக்கு அனுப்பிக் குடுங்க என்றான். கோல் விட்ட கீப்பர் நீ, சும்மா இரு என்று அவனை அடக்கினார்கள்.

பந்து தாண்டவில்லை என்று தீர்ப்பாகிப் பாதிப் பேர் துள்ளிக் குதித்தபோது மணி ஐந்து அடித்து ஐந்து நிமிஷமாகியிருந்தது. ராஜேஷ்குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த மாநாட்டில் முதல் வேலையாகத் திருத்திவிடலாம் என்றார். லங்காவியில் நடக்கிறதாம், கடற்கரைக் கைப்பந்தும் உண்டாம், அவசியம் வரவேண்டுமாம். இன்று நண்டு விருந்துக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். எச்சில் துப்பலாம் போலிருந்தது; புல்லை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

போன் அடித்தது. காக்கா. செலாயாங்கிலிருந்து முன்பு வந்த அதே பெண் கூப்பிட்டாளாம், அந்தக் கடை திறந்திருக்கிறது, சேலைக்குக் காசு கட்டட்டுமா என்று கேட்டாளாம். முடிந்துவிட்டது என்றாயே, அங்கே என்னதான் முடிவாச்சு என்றார்.

"கோல் இல்லையாம் காக்கா," என்றாள் மஹ்ஜபீன்.